92 டாலர் எப்படி 38 ஆனது? போக்கர் கைமுதல் பற்றி ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். கிடங்கு ஒன்றில் ஷிஃப்ட் வேலை. நான்கு மாதத்துக்கு முன் 50 டாலர் போட்டு இணையத்தில் நோ லிமிட் ஹோல்டம் போக்கர் (கையில் இரண்டு சீட்டு, மேசையில் ஐந்து பொதுச் சீட்டு, பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லை) ஆடத் தொடங்கினேன். ஆறு பேர் மேசை, ஒரே நேரத்தில் இரண்டு மேசை, வாரம் ஐந்து மணி நேரம். 1/2 சென்ட் மேசையில் (கட்டாயப் பந்தயங்களான சிறிய பிளைண்ட் 1 சென்ட், பெரிய பிளைண்ட் 2 சென்ட்) 12,000 கை, அதாவது 12,000 சுற்று ஆடி 92 டாலர் ஆக்கினேன். நான் 41 சதவீதக் கைகளில் பணம் போட்டு நுழைவதாக மென்பொருள் காட்டுகிறது. பிறகு 2/5 சென்ட் மேசைக்கு ஏறினேன். முதல் நாளே 15 டாலர் போனது. அதை மீட்க அன்று இரவே 5/10 சென்ட் மேசையில் உட்கார்ந்தேன். என் ஏஸ் ஜோடி ஒரு ராஜா ஜோடியிடம் தோற்றது. ஒன்றரை மணி நேரத்தில் இன்னும் 39 டாலர் போய்விட்டது. மிச்சம் 38. மனைவிக்குத் தெரியாது. எங்கே தவறினேன்? மேலே ஏற எவ்வளவு வேண்டும்? மேற்கொண்டு பணம் போடலாமா? டிசம்பரில் திருச்சி போகிறேன், அங்கிருந்து ஆடலாமா?

பதில்:

முதலில் அந்த ஏஸ் ஜோடியை மறந்துவிடுங்கள். ஃபிளாப், அதாவது மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு, வருவதற்கு முன்பே இருவரும் முழுப் பணத்தையும் வைத்துவிட்டால், ஏஸ் ஜோடி ராஜா ஜோடியை ஏறக்குறைய 82 சதவீதம் வெல்லும். மீதி 18 சதவீதத்தில் ஒன்று அன்று உங்களுக்கு வந்தது. நூறு தடவை அதே இடம் வந்தாலும் நூறு தடவையும் அப்படியே ஆட வேண்டியதுதான். அங்கே தவறே இல்லை.

2/5 சென்ட் மேசையில் போன 15 டாலரும் பெரிய செய்தி அல்ல. அது 300 பெரிய பிளைண்ட், அதாவது மூன்று பை-இன் (மேசையில் உட்காரும்போது எடுத்துச் செல்லும் பணம், இங்கே 100 பெரிய பிளைண்ட்). ஆறு பேர் மேசையில் 100 கைக்கு ஏற்ற இறக்கம், புள்ளியியலில் திட்ட விலக்கம் என்கிறோமே அது, சுமார் 90 பெரிய பிளைண்ட் இருக்கும். 1,000 கைக்குக் கணக்குப் போட்டால் 285. ஆகவே நன்றாக ஆடுகிற ஒருவரும் ஆயிரம் கைக்குள் மூன்று பை-இன் இழப்பது வழக்கமாக நடப்பதுதான். 92 டாலரோடு அந்த மேசைக்கு ஏறியதிலும் குறை சொல்ல அதிகமில்லை. கையில் 18 பை-இன் இருந்தது. கொஞ்சம் அவசரம், அவ்வளவே.

தவறு அடுத்த பத்து நிமிடத்தில் நடந்தது. 77 டாலர் இருந்தபோது, 10 டாலர் பை-இன் மேசைக்குப் போனீர்கள். எட்டு பை-இன்கூடக் கையில் இல்லை. கைமுதல் குறைந்தால் கீழே இறங்க வேண்டும், நீங்கள் மேலே ஏறினீர்கள். அதுவும் களைத்த மனதோடு, உங்களைவிடக் கொஞ்சம் தேறியவர்கள் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு. கைமுதல் காலியானவர்களில் பலரின் கணக்கு இந்த இடத்தில்தான் உடைந்திருக்கும்.  விட்டதைப் பிடிக்க அதே இரவில் மேலே ஏறியவர்கள் அவர்கள்.

இப்போது, கேட்கக் கொஞ்சம் கசப்பான ஒன்று. 12,000 கையில் 42 டாலர் லாபம் என்பது 100 கைக்கு 17.5 பெரிய பிளைண்ட். அது தொடர்ந்து நிற்கிற சம்பாதிப்பு வேகம் அல்ல. 12,000 கைக்குப் பிறகும் அந்த எண்ணில் இருக்கும் பிழை, அதாவது உண்மையான வேகத்திலிருந்து தற்செயலாக விலகக்கூடிய அளவு, சுமார் 8 பெரிய பிளைண்ட். இரு பக்கமும் இரண்டு மடங்கு தள்ளிப் பார்த்தால், உங்கள் உண்மையான வேகம் 1 ஆகவும் இருக்கலாம், 34 ஆகவும் இருக்கலாம் என்றுதான் அந்த எண் சொல்கிறது. கூடவே 41 சதவீதம் என்று மிக அதிகமான கைகளில் நுழைகிறீர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கீழ்முனைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்றே தோன்றுகிறது. சீட்டு உங்களுக்குச் சாதகமாக விழுந்த நான்கு மாதம் அது. ஆட்டம் கைவந்துவிட்டது என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது. 1,00,000 கை ஆடிய பிறகுகூடப் பிழை 3-க்குப் பக்கத்தில் நிற்கும்.

"எவ்வளவு வேண்டும்" என்ற கேள்விக்கும் இந்தச் சம்பாதிப்பு வேகம்தான் பதில் சொல்கிறது. ஒருவர் 100 கைக்கு 5 பெரிய பிளைண்ட் சம்பாதிப்பவர் என்று வையுங்கள். 20 பை-இன் வைத்துக்கொண்டு, ஒருபோதும் கீழே இறங்காமல் ஆடினால், என்றாவது எல்லாம் காலியாகும் வாய்ப்பு சுமார் 8.5 சதவீதம். 30 பை-இன் என்றால் 2.5. 40 என்றால் 1-க்கும் கீழே. அதே ஆள் 100 கைக்கு 2 மட்டும் சம்பாதிப்பவராக இருந்தால் 20 பை-இன்னுக்கு 37 சதவீதம், 30-க்கு 23, 40-க்கு 14. நஷ்டத்தில் ஆடுகிறவருக்கு எத்தனை பை-இன் இருந்தாலும் முடிவு ஒன்றுதான், நாள்தான் தள்ளிப்போகும். ஆகவே பை-இன் எண்ணிக்கை உங்கள் ஆட்டத்தின் ஓட்டையை அடைக்காது. ஆட்டம் சரியாக இருந்தால், கெட்ட காலத்தைத் தாண்டும் வரை உங்களை மேசையில் வைத்திருக்கும்.

2000-இல் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியை வென்ற கிறிஸ் ஃபெர்குசன் 2006-இல் ஒரு சோதனை தொடங்கினார். ஒரு சென்ட்கூடப் போடாமல், கட்டணமில்லாப் போட்டிகளில் கிடைத்த சில்லறையிலிருந்து 10,000 டாலர் வரை போவது. போய்ச் சேர்ந்தார். ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. அவர் வைத்துக்கொண்ட விதிகள் எளியவை. பண மேசையில் ஒரு தடவைக்குக் கைமுதலில் 5 சதவீதத்துக்கு மேல் வைப்பதில்லை. பல மேசைப் போட்டி என்றால் 2 சதவீதம். மூன்றாவது விதியைப் பலர் கவனிப்பதில்லை: மேசையில் தன் முன்னால் இருக்கும் பணம் கைமுதலில் 10 சதவீதத்தைத் தாண்டினால், அடுத்த பிளைண்ட் தன்னிடம் வருமுன் எழுந்துவிட வேண்டும். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எழுவது கஷ்டம். ஆனால் ஒரே கையில் பாதிக் கைமுதலும் போவதைத் தடுப்பது அதுதான். அவர் ஆடிய ஃபுல் டில்ட் தளம் 2011-இல் வீரர்களின் பணத்தைத் திருப்பித் தர முடியாமல் நின்றதையும் இங்கே சொல்ல வேண்டும். கைமுதலுக்கு மேல் ஒரு டாலரும் தளத்தில் விடாதீர்கள். பிரிட்டன் உரிமம் பெற்ற தளங்கள், நிறுவனம் நொடித்துப்போனால் உங்கள் பணத்துக்கு எந்த அளவு பாதுகாப்பு உண்டு என்பதை விதிமுறைப் பக்கத்தில் சொல்லியாக வேண்டும். ஒரு தடவை படித்துவிடுங்கள்.

உங்களுக்கான திட்டம் இது. இன்றே 1/2 சென்ட் மேசைக்குத் திரும்புங்கள். 38 டாலர் என்பது அங்கே 19 பை-இன், போதும். அடுத்த 25,000 கை அங்கேயே. இரண்டு மேசையில் மணிக்கு 150 கை என்று பார்த்தால் வாரம் 750 கை, எட்டு மாதம். நீளம்தான். ஒரு உட்காரலில் மூன்று பை-இன், அதாவது 6 டாலர் போனால் கணினியை மூடிவிட வேண்டும். அந்த இரவு வேறு எந்த மேசையும் திறக்கக் கூடாது. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து ஆடவே கூடாது. தூக்கம் இல்லாதவர் முதலில் இழப்பது சீட்டைக் கீழே போடும் பொறுமையை.

அந்த 41 சதவீதத்தை 25-க்குக் கொண்டு வாருங்கள். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை. முதலில் பேசும் (முடிவு சொல்லும்) இடத்தில் உட்கார்ந்திருந்தால் 15, 16 சதவீதக் கைகள் போதும்: பெரிய ஜோடிகள், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, ஒரே சாதியில் (இரண்டு சீட்டும் ஒரே சின்னத்தில்) நல்ல ஏஸ்கள், ஒரே சாதி ராஜா-ராணி போன்றவை. பட்டனில், அதாவது சீட்டுப் போடுபவரின் இடத்தில், 40 வரை போகலாம், ஏனென்றால் ஃபிளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசுவது நீங்கள். சிறிய பிளைண்டில் இருந்து "பாதிப் பணம் ஏற்கெனவே போட்டாயிற்றே" என்று கால் செய்வது (முன்னால் வந்த பந்தயத்துக்குச் சமமாகப் பணம் போடுவது) உங்கள் பட்டியலில் கட்டாயம் இருக்கும். மென்பொருளில் இடவாரியாக லாப நஷ்டத்தைப் பாருங்கள், அங்கே ஓட்டை தெரியும். நுழைந்தால் ரைஸ் செய்து, அதாவது பந்தயத்தை உயர்த்தி, நுழையுங்கள். வெறும் பிளைண்ட் பணத்தைப் போட்டு எட்டிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள்.

சின்ன மேசைகளில் ரேக் (பந்தயப் பணத்தில் தளம் பிடித்துக்கொள்ளும் பங்கு) கடுமையாக அரிக்கும் என்பதும் ஒரு காரணம். தளம் 5 சதவீதம் எடுப்பதாக வைத்தால், நடுவில் சேர்ந்த பந்தயப் பணம் 2 டாலர் என்றால் அதில் 10 சென்ட், அதாவது 5 பெரிய பிளைண்ட் போகிறது. பெரும்பாலான தளங்களில் ஃபிளாப் வராமல் முடியும் கைக்கு ரேக் இல்லை. சுமாரான சீட்டோடு ஃபிளாப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அந்த வரியைக் கட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். சின்ன ஜோடியோடு நுழைந்து மூன்று ஒரே எண் சேர்க்கப் பார்ப்பவர்களும் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். ஃபிளாப்பில் அது விழுவது எட்டரைத் தடவைக்கு ஒரு தடவைதான். எதிராளியிடம் எடுக்கப் போதிய பணம் இல்லாவிட்டால் அந்தக் கால் வீண்.

இந்த மேசைகளில் பணம் எங்கிருந்து வருகிறது? கால் செய்துகொண்டே இருப்பவர்களிடமிருந்து. அவர்களைப் புளுஃப் செய்து, அதாவது நல்ல சீட்டு இருப்பதாகப் பாசாங்கு காட்டி, விரட்ட முடியாது. ஏஸ்-ராஜா வைத்திருக்கிறீர்கள், ஃபிளாப்பில் ராஜா-9-4 வந்தது என்றால் மூன்று தெருவிலும் (ஃபிளாப், அடுத்த சீட்டு, கடைசிச் சீட்டு ஆகிய மூன்று சுற்றிலும்) பந்தயம் கட்டுங்கள், ராஜா-10 வைத்திருப்பவர் கால் செய்துகொண்டே வருவார். ஆனால் கடைசிப் பொதுச் சீட்டான ரிவரில் அதே அமைதியான ஆள் திடீரென்று ரைஸ் செய்தால், அந்த ஒரு ஜோடியைக் கீழே போடுங்கள். 1/2 சென்ட் மேசையில் ரிவர் ரைஸ் புளுஃபாக இருப்பது மிக அபூர்வம். இந்த ஒரு பழக்கம் உங்களுக்கு நிறையப் பணம் மிச்சம் பிடித்துத் தரும்.

மேற்கொண்டு பணம் போடலாமா என்று கேட்டீர்கள். கணக்கைப் பாருங்கள். 2/5 சென்ட் மேசைக்கு 30 பை-இன் என்றால் 150 டாலர். 38-லிருந்து அங்கே போக, 100 கைக்கு 6 பெரிய பிளைண்ட் சம்பாதித்தாலும் 93,000 கை வேண்டும். வாரம் 750 கை என்றால் இரண்டு வருடத்துக்கும் மேல். சம்பளம் வாங்குகிற ஒருவர் அத்தனை நாள் காத்திருக்கத் தேவையில்லை. 25,000 கை முடிந்ததும் நுழைவு 25-க்குள் வந்து, கணக்கு லாபத்தில் இருந்தால், வீட்டுச் செலவு போக உங்கள் சொந்தப் பொழுதுபோக்குக்கு என்று ஒதுக்கிய பணத்திலிருந்து 150 வரை நிரப்பிக்கொள்ளுங்கள். அன்று ஏறுங்கள். 110-க்குக் கீழே வந்தால் எந்த விவாதமும் இல்லாமல் இறங்குங்கள். 25,000 கையில் கணக்கு நஷ்டம் என்றால் நிரப்ப வேண்டாம். தோற்ற இரவில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பணம் போடாதீர்கள். இப்போதே தளத்தில் மாத வைப்பு வரம்பு வைத்துவிடுங்கள். பிரிட்டன் தளங்களில் வரம்பைக் குறைத்தால் உடனே நடக்கும், கூட்டக் கேட்டால் குறைந்தது 24 மணி நேரம் பொறுக்க வேண்டும். அந்த ஒரு நாள் அவகாசம் அன்றைக்கு உங்களுக்குக் கிடைத்திருந்தால், இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஒரு நோட்டும் வேண்டும். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், மேசை, கைகள், வரவு அல்லது செலவு, எழுந்ததற்குக் காரணம். கடைசிக் கட்டம்தான் பயனுள்ளது. "கோபம்" என்று மூன்று தடவை எழுதியபின் உங்களுக்கே வடிவம் தெரியும்.

வருமானமாக இதை நினைக்காதீர்கள். 2/5 சென்ட் மேசையில் 100 கைக்கு 5 பெரிய பிளைண்ட் ஜெயித்தால் மணிக்கு 37 சென்ட் வரும். 10/25 சென்ட் வரை ஏறி, அதே வேகத்தைத் தக்கவைத்தாலும் 1.87 டாலர். பிரிட்டனில் 21 வயதானவருக்கு 2025 ஏப்ரலில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 12.21 பவுண்டு. ஜெயித்த பணத்துக்கு அங்கே வரி இல்லை என்பது இந்த எண்ணை மாற்றிவிடாது. படிப்பதற்கும் கணக்குப் போடுவதற்கும் பிடித்த ஆட்டம் என்றால் ஆடுங்கள், அது நல்ல காரணம்.

மனைவியிடம் இந்த வாரமே சொல்லுங்கள். 54 டாலர் உங்கள் குடும்பத்தைச் சாய்க்காது. மறைத்ததுதான் வளரும். அடுத்த தடவை 54 என்பது 540 ஆனால் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கும், கூச்சம் மறுபடி மேசைக்கு அனுப்பும். நோட்டை அவரும் பார்க்கலாம் என்ற இடத்தில் வையுங்கள். மாத வரம்பை அவரோடு பேசி வையுங்கள். சொல்ல முடியவில்லை, அல்லது மூன்று பை-இன் விதியை இரண்டு தடவை மீறிவிட்டீர்கள் என்றால், கேம்ஸ்டாப்பில் பதிவு செய்து ஆறு மாதம் விலகி இருங்கள். பிரிட்டன் உரிமம் பெற்ற எல்லா இணையத் தளமும் அந்தக் காலத்தில் உங்களை உள்ளே விடாது. 0808 8020 133 என்ற தேசிய உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

திருச்சியிலிருந்து ஆட வேண்டாம். 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டத்தையும் தடை செய்கிறது. திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பழைய வாதத்துக்கு அதில் இடமே இல்லை. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை வைத்துச் சிலர் இன்னும் ஆறுதல் சொல்வார்கள், கேட்காதீர்கள். சட்டத்தின் தண்டனை நடத்துபவர்களையும் விளம்பரம் செய்பவர்களையும் குறிவைக்கிறது. ஆனாலும் விபிஎன் போட்டு லண்டனில் இருப்பது போல நுழைந்தால், விதி மீறல் என்று தளமே உங்கள் கணக்கை முடக்கி, உள்ளே இருக்கும் பணத்தையும் நிறுத்திவைக்கலாம். 38 டாலர் அங்கேயே இருக்கட்டும். நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள், ஆடிய பெரிய கைகளை எழுதிவைத்து அலசுவதற்கு இணையமே தேவையில்லை.