தராசுக்குத் தெரியாத கொழுப்பு: வாசகர் கேள்வி – பதில்

நான்கு மாதமாக வாரம் ஐந்து நாள், நாளுக்கு 40 நிமிடம் வேகமாக நடக்கிறேன். எடை 82 கிலோ. ஒரு கிலோகூட இறங்கவில்லை. இத்தனை நடையும் வீண்தானா?

வீண் இல்லை. முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் எடைக்கு 40 நிமிட வேக நடையில், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது ஏறக்குறைய 180 கலோரி. வாரத்துக்கு 900. நான்கு மாதத்துக்குச் சுமார் 15,000. ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் இருப்பதோ சுமார் 7,700 கலோரி. ஆக, எல்லாம் சரியாக அமைந்தால்கூட இறங்கியிருக்க வேண்டியது இரண்டு கிலோதான். நடந்த பசியில் நாலு வாய் அதிகம் சாப்பிட்டாலோ, நடந்த களைப்பில் மீதி நாள் நாற்காலியைவிட்டு எழாமல் இருந்தாலோ அதுவும் ஈடாகிவிடும்.

எடையை விடுங்கள், உள்ளே நடப்பதைப் பார்ப்போம். கொழுப்புத் திசு என்பது எண்ணெய் கட்டிவைத்த மூட்டை இல்லை. கொழுப்பு செல்களோடு ரத்தத் தந்துகிகள், நரம்புகள், நோய் எதிர்ப்பு செல்கள், எல்லாவற்றையும் பிணைத்து நிறுத்தும் கொலாஜன் நார்கள் சேர்ந்த உயிருள்ள உறுப்பு. செல் பெருத்துக்கொண்டே போய், அதற்கு ஈடாக ரத்த ஓட்டம் கூடாவிட்டால் சிக்கல் ஆரம்பம். மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்கள் வந்து குவிகின்றன. இலேசான அழற்சி ஓயாமல் நீடிக்கிறது. கொலாஜன் தடித்து, திசு விறைத்துப்போகிறது. அதன்பிறகு அங்கே புதிய கொழுப்புக்கு இடமில்லை. மிஞ்சியது கல்லீரல், கணையம், தசை என்று சேரக் கூடாத இடங்களில் போய்ச் சேர்கிறது. இன்சுலின் சரிவர வேலை செய்யாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உடற்பயிற்சி கை வைப்பது இந்த இடத்தில்தான். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், உடல் பருமன் உள்ள இரண்டு குழுக்களை ஒப்பிட்டார்கள். குழுவுக்கு 16 பேர். ஒரு குழுவினர் குறைந்தது இரண்டு ஆண்டுகளாக வாரம் நான்கு முறையாவது பயிற்சி செய்துவந்தவர்கள். மற்றவர்கள் முறையான பயிற்சியே செய்யாதவர்கள். உடலில் உள்ள கொழுப்பின் அளவு இரு குழுவுக்கும் ஒன்றுபோலவே இருக்கும்படி தேர்ந்தெடுத்திருந்தார்கள். வயிற்றுத் தோலடிக் கொழுப்பில் மாதிரி எடுத்துப் பார்த்தபோது, பயிற்சி செய்தவர்களின் திசுவில் தந்துகிகளும், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் கூடுதல். ஒரு வகைக் கொலாஜனும் மேக்ரோஃபேஜ்களும் குறைவு. அதாவது கொழுப்பைத் தோலடியிலேயே பத்திரமாக வைத்துக்கொள்ளும் தகுதி அந்தத் திசுவுக்கு அதிகம். இது இரு குழுக்களை ஒரே சமயத்தில் ஒப்பிட்ட ஆய்வு என்பதால், வேறுபாடு முழுவதையும் பயிற்சியின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. ஆனாலும், எடை குறையாமலேயே கல்லீரல் கொழுப்பும் உள்ளுறுப்புகளைச் சுற்றியுள்ள கொழுப்பும் குறைவது வேறு ஆய்வுகளிலும் கண்டதுதான்.

ஆகவே தராசோடு ஒரு அளவு நாடாவையும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், நாடா தரைக்கு இணையாக இருக்க, இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும்போது அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. தொப்புளுக்கு நேரே அளப்பதும், நாடாவை இறுக்குவதும் வழக்கமான பிழைகள். உயரத்தில் பாதிக்குக் கீழே இடுப்பளவு இருக்கட்டும்.

தினமும் வயிற்றுப் பயிற்சி 100 முறை செய்தால் தொப்பை மட்டும் கரையுமா?

கரையாது. 1984-இல் வெளியான ஓர் ஆய்வில் 27 நாட்களில் ஆளுக்கு 5,000-க்கும் மேல் வயிற்றுப் பயிற்சி செய்யவைத்து, வயிறு, முதுகு, பிட்டம் மூன்று இடத்திலும் கொழுப்பு செல்களை எடுத்து அளந்தார்கள். மூன்றிலும் மாற்றம் ஒரே அளவுதான். டென்னிஸ் வீரர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே கையால் ஆடுகிறார்கள். அந்தக் கையின் தோலடிக் கொழுப்பும் மற்றக் கையைவிட மெலிந்திருக்கவில்லை.

காரணம் எளிது. தசை தனக்குப் பக்கத்தில் இருக்கும் கொழுப்பை நேராக எடுத்துக்கொள்வதில்லை. அட்ரினலின், நார்அட்ரினலின் என்னும் ஹார்மோன்களின் தூண்டுதலால் உடலெங்கும் உள்ள கொழுப்பு செல்கள், தாம் சேமித்துவைத்த கொழுப்பான ட்ரைகிளிசரைடைக் கொழுப்பு அமிலமாகவும் கிளிசராலாகவும் உடைத்து ரத்தத்தில் விடுகின்றன. வேலை செய்யும் தசை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. வயிற்றுப் பயிற்சியால் வயிற்றுத் தசை வலுவாகும்; அதற்காகச் செய்யலாம்.

தொப்பைக்குள் இருக்கும் உள்ளுறுப்புக் கொழுப்பு, சைக்கிள், நீச்சல், வேக நடை போன்ற பயிற்சிகளுக்கு நன்றாகவே இறங்கும். தசை சுருங்கும்போது வெளியிடும் இன்டர்லூகின்-6 என்ற பொருளுக்கு இதில் பங்கு உண்டு. கோபன்ஹேகனில் 12 வாரம் சைக்கிள் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, அந்தப் பொருளின் வேலையை மருந்தால் தடுத்தவர்களுக்கு மட்டும் உள்ளுறுப்புக் கொழுப்பு குறையவில்லை.

கரைந்த கொழுப்பு வியர்வையாகத்தானே வெளியேறுகிறது?

பெரும்பகுதி மூச்சுக்காற்றாகப் போகிறது. 10 கிலோ கொழுப்பு முழுதும் எரிந்தால், அந்தப் பத்தில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாகவும் 1.6 கிலோ நீராகவும் வெளியேறும். வியர்க்கவைக்கும் பிளாஸ்டிக் உடையைப் போட்டு ஓடினால் குறைவது நீர். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் எடை திரும்பிவிடும். வெறுமனே வேகமாக மூச்சு விடலாமா என்றால், தலைதான் சுற்றும்.

டிரெட்மில்லில் "கொழுப்பு எரியும் வேகம்" என்று ஒன்று காட்டுகிறது. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறேன். அந்த வேகத்தை எட்ட முடிவதில்லை.

எட்ட முயல வேண்டாம். அந்தக் கணக்கு இதயத் துடிப்பை வைத்துப் போடுவது. உங்கள் மாத்திரையின் வேலையே துடிப்பைக் குறைப்பது என்பதால், இயந்திரம் கேட்கும் எண்ணை விரட்டினால் அளவுக்கு மீறி உழைப்பீர்கள். பேச்சை வைத்து அளவு பாருங்கள்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மிதமான வேகத்தில் எரிபொருளில் கொழுப்பின் பங்கு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் ஓரளவு பழகியவர்களுக்கே நிமிடத்துக்கு அரை கிராம் போலத்தான் எரியும். அரை மணிக்கு 15 கிராம். அதைவிட முக்கியம் வாரத்தின் மொத்தம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் பயிற்சி, கூடவே இரண்டு நாளாவது தசை வலுவூட்டும் பயிற்சி. கடைசியானதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சாப்பாட்டைக் குறைத்து எடை இறக்கும்போது கொழுப்போடு தசையும் போகாமல் காப்பது அதுதான்.

பயிற்சியை நிறுத்தினால் தசை கொழுப்பாக மாறிவிடுமாமே?

மாறாது. இரண்டும் வேறு வேறு செல்கள். தசை மெலியும், கொழுப்பு செல் தனியே பருக்கும். பார்ப்பவருக்கு மாறியது போலத் தெரியும்.

எடை குறையும்போது கொழுப்பு செல்லின் அளவுதான் சுருங்குகிறது, எண்ணிக்கை அநேகமாக அப்படியே இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 10 சதவீத செல்கள் இறக்க, அதே அளவு புதியவை பிறக்கின்றன என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள். (செல்லின் வயதைக் கணிக்க அவர்களுக்கு உதவியது, அந்தக் கால அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கார்பன்-14!) சுருங்கிய செல்கள் காத்திருப்பதால்தான் நிறுத்தியதும் எடை சுலபமாகத் திரும்புகிறது. ஒரு வேளைப் பயிற்சியால் கூடும் இன்சுலின் பலன் ஒன்றிலிருந்து மூன்று நாளில் தேய்ந்துவிடும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள்.

இடுப்பு குறைகிறது, தொடை மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது. (வாசகி)

தொடை, பிட்டக் கொழுப்பு செல்களில் கொழுப்பு வெளியேறுவதைத் தடுக்கும் ஆல்ஃபா-2 ஏற்பிகள் அதிகம். அதனால் தாமதம். உடல்நலக் கணக்கில் முதலில் குறைய வேண்டியது இடுப்புதான். சரியான வரிசையில்தான் போகிறீர்கள்.

இவ்வளவு சிரமப்படுவதற்கு, லைப்போசக்‌ஷனில் உறிஞ்சி எடுத்துவிட்டால் என்ன?

உருவம் மாறும். 2004-இல் வெளியான ஆய்வில், வயிற்றிலிருந்து சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்த பிறகும் இன்சுலின் செயல்பாடு மேம்படவில்லை. உறிஞ்ச முடிவது தோலடிக் கொழுப்பை மட்டுமே. பிரேசிலில் இன்னொரு ஆய்வில், வயிற்றில் லைப்போசக்‌ஷன் செய்துகொண்ட பெண்களில் பயிற்சி செய்யாதவர்களுக்கு ஆறு மாதத்தில் உள்ளுறுப்புக் கொழுப்பு சுமார் 10 சதவீதம் கூடிவிட்டது. பயிற்சி செய்தவர்களுக்குக் கூடவில்லை. செய்துகொள்வதானாலும் நடையை விட முடியாது.