4-ஆம் எண் நூலும் 4 பிளை நூலும் ஒன்றல்ல

கேள்வி: கம்பளித் தொப்பிக்கான பின்னல் குறிப்பு ஒன்றில் '4-ஆம் எண் நூல், 5 மி.மீ. ஊசி, 80 கண்ணிகள்' என்று இருந்தது. '4 பிளை' என்று எழுதியிருந்த நூலை வாங்கி, அதன் லேபிளில் கண்ட 3 மி.மீ. ஊசியால் பின்னினேன். பொம்மைக்குத்தான் போடலாம் என்ற அளவில் வந்திருக்கிறது. நூலின் 'வெயிட்' என்பதை எப்படிப் புரிந்துகொள்வது? லேபிள் தொலைந்த மிச்ச நூல்களை எப்படி இனங்காண்பது?

பதில்: உங்கள் கைவேலையில் பிழை இல்லை. குறிப்பு கேட்ட 4 வேறு, நீங்கள் வாங்கிய 4 வேறு. பின்னல் பழகும் அனைவரும் ஒரு முறையாவது இதில் இடறியிருப்பார்கள்.

வெயிட் என்ற சொல் இங்கே தராசு காட்டும் எடையைக் குறிப்பதில்லை; நூலின் பருமனையே குறிக்கிறது. 50 கிராம் உருண்டையும் 200 கிராம் உருண்டையும் ஒரே வெயிட்டாக இருக்கலாம். அமெரிக்காவின் கிராஃப்ட் யார்ன் கவுன்சில் வகுத்த முறையில், மிக மெல்லிய லேஸ் நூலுக்கு 0 என்றும் மிகத் தடித்த ஜம்போ நூலுக்கு 7 என்றும் எண்கள் உண்டு. இடைப்பட்டவற்றில் நமக்கு அதிகம் பயன்படுபவை மூன்று: காலுறைக்கு ஏற்ற ஃபிங்கரிங் 1, டி.கே. எனப்படும் டபுள் நிட்டிங் 3, வொர்ஸ்டட் அல்லது ஆரன் 4.

பிளை என்பது புரி. மூன்று புரி முறுக்கிய கயிறு என்கிறோமே, அதே பொருள்தான். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் புரிகளின் எண்ணிக்கையே பருமனுக்குப் பெயராக நிலைத்துவிட்டது. அந்த வழக்கில் 4 பிளை என்பது அமெரிக்க எண் 1-க்கும், 8 பிளை 3-க்கும், 10 பிளை ஏறத்தாழ 4-க்கும், 12 பிளை 5-க்கும் இணை. ஆனால் இன்று ஒரே புரியில் தடிமனாகத் திரித்த நூலும் கிடைக்கிறது. பல புரி முறுக்கியும் மெலிதாகவே இருக்கும் நூலும் கிடைக்கிறது. ஆகவே புரிகளைப் பிரித்து எண்ணிப் பார்த்துப் பருமனைத் தீர்மானிக்க முடியாது.

உங்கள் தொப்பிக்கு வருவோம். 4-ஆம் எண் நூலில் 4 அங்குல அகலத்துக்கு 16 முதல் 20 கண்ணிகள் வரும். 18 என்று கொண்டால், 80 கண்ணிகளின் சுற்றளவு ஏறக்குறைய 17¾ அங்குலம். இழுபடும் பின்னல் என்பதால் பெரியவர் தலைக்கும் அது போதும். நீங்கள் வாங்கிய நூலில் அதே 4 அங்குலத்துக்கு 27 முதல் 32 கண்ணிகள் அடங்கும். 28 என்று வைத்தாலே, 80 கண்ணிகள் 11½ அங்குலத்துக்குள் முடிந்துவிடுகின்றன.

எனவே பெயரையும் எண்ணையும் விட, லேபிளில் சிறு கட்டமாக அச்சிட்டிருக்கும் கண்ணிக் கணக்கையே முதலில் பாருங்கள். அதுவும் நிறுவனத்தின் கணக்குதான். உங்கள் கையின் இறுக்கம் வேறாக இருக்கும். 6 அங்குலச் சதுரத் துண்டு ஒன்றைப் பின்னி, துவைத்து, உலர்த்தி, ஓரங்களை விட்டுவிட்டு நடுவில் 4 அங்குலத்தை அளந்து எண்ணுங்கள். துவைக்காமல் அளப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நீர் பட்டதும் கம்பளி தளர்ந்து விரிவது உண்டு. கொக்கி ஊசியால் பின்னும் குரோஷேவுக்குக் கணக்கு வேறு: அதே 4-ஆம் எண் நூலில் அதன் அடிப்படைக் கண்ணியான சிங்கிள் குரோஷே 4 அங்குலத்துக்கு 11 முதல் 14 வரைதான் வரும்.

லேபிள் இல்லாத நூலை ஓர் அளவுகோலின் மேல் சுற்றிப் பாருங்கள். இழைகள் ஒன்றையொன்று தொட்டபடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், இழுக்காமல் சுற்ற வேண்டும். 2 அங்குலத்துக்குச் சுற்றி, வந்த எண்ணிக்கையைப் பாதியாக்கினால் தவறு குறையும். அங்குலத்துக்கு 14 சுற்று அளவில் வந்தால் ஃபிங்கரிங், 11 என்றால் டி.கே., 9 என்றால் வொர்ஸ்டட், 7 என்றால் அதைவிடத் தடித்த பல்கி (எண் 5). இழுத்துச் சுற்றினால் நூல் மெலிந்து, ஒரு படி குறைந்த வகையாகத் தோன்றும்.

வேறு நூலை மாற்றிப் பயன்படுத்தும்போது கிராமை விட்டுவிட்டு மீட்டரைப் பாருங்கள். கம்பளியைவிடப் பருத்தி அடர்த்தி மிக்கது. ஒரே பருமனில் 100 கிராமுக்குக் கிடைக்கும் நீளம் பருத்தியில் குறையும். 1000 மீட்டர் தேவைப்படும் ஸ்வெட்டருக்கு, 100 கிராமுக்கு 200 மீட்டர் தரும் கம்பளி 5 உருண்டை போதும். 160 மீட்டர் தரும் பருத்தியில் 7 வாங்க வேண்டியிருக்கும். குரோஷே பருத்தி நூல், பெர்ல் காட்டன் எம்பிராய்டரி நூல் ஆகியவற்றில் எண் தலைகீழ்: 5-ஐவிட 8 மெலிது, 10-ஐவிட 20 மெலிது.

இப்போது கையில் இருக்கும் நூலை வீணாக்க வேண்டாம். தொப்பியைப் பிரித்து, நூலைத் தளர்ந்த கண்டாகச் சுற்றி நனைத்து உலர்த்தினால் சுருள் போய்விடும். பிறகு அதே ஊசியில், அங்குலத்துக்கு 7 கண்ணிகள் வருகின்றனவா என்று துண்டு பின்னிப் பார்த்துவிட்டு, 18 அங்குலத்துக்கு 126 கண்ணிகள் ஏற்றலாம். இரண்டு இழைகளைச் சேர்த்துப் பின்னினால் ஏறத்தாழ டி.கே. பருமன் கிடைக்கும், அப்போது 4 மி.மீ. ஊசியில் 100 கண்ணிகள் அளவில் தேவைப்படும்.