மருத்துவர் கேட்கிறார், அம்மா பதில் சொல்கிறார்

கேள்வி: எனக்கு வயது 18. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டேன். கூடப் படித்தவர்களில் பலர் வெளியூர்க் கல்லூரிகளில் சேர்ந்துவிட்டார்கள்; நான் வீட்டிலிருந்தபடியே படிக்கப் போகிறேன். காலையில் என்னை எழுப்புவது முதல், மருத்துவரிடம் என் உடம்புக்கு என்ன என்று சொல்வது வரை எல்லாவற்றையும் அம்மாவே செய்கிறார். என் வங்கிக் கணக்கை அப்பா பார்த்துக்கொள்கிறார். அவர்கள்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் தனியாக என்னால் எதுவுமே முடியாதோ என்று பயமாக இருக்கிறது. நானும் வெளியூர் போயிருந்தால்தான் வளர்ந்திருப்பேனா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அப்படியொன்றும் இல்லை. விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டே, அழுக்குத் துணியை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்களும், தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் எது என்று தந்தையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறவர்களும் உண்டு. வீட்டில் இருப்பவருக்கு உள்ள சிரமம் வேறு. அவர் ஒரு வேலையில் கை வைப்பதற்கு முன்பே அதைச் செய்து முடித்துவிட அங்கே ஆள் இருக்கிறது.

உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட், 18 முதல் 25 வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவத்தோடும் சேர்க்காமல், முழு முதிர்ச்சியோடும் சேர்க்காமல், தனியொரு பருவமாகக் கருத வேண்டும் என்று 2000இல் எழுதினார். எதை வைத்து ஒருவரைப் பெரியவர் என்பீர்கள் என்று அமெரிக்க இளைஞர்களிடம் கேட்ட ஆய்வுகளில், படிப்பை முடிப்பதோ திருமணம் செய்துகொள்வதோ முன்னால் வரவில்லை. தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்பது, தானாக முடிவெடுப்பது, பணத்துக்குப் பிறரை நம்பியிராதது ஆகிய மூன்றுமே முன்னால் வந்தன. மூன்றாவதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம். முதல் இரண்டையும் நீங்கள் இருக்கும் வீட்டிலிருந்தே தொடங்க முடியும்.

மருத்துவரிடமிருந்து தொடங்குங்கள் என்பேன். "என்ன செய்கிறது?" என்று அவர் உங்களைப் பார்த்துத்தான் கேட்கிறார், நீங்கள் வாய் திறப்பதற்குள், "மூணு நாளா தலைவலி டாக்டர், ராத்திரியில சரியாத் தூங்குறதே இல்ல" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து பதில் வந்துவிடுகிறது. அந்த இடத்தில் அம்மாவை மடக்கிப் பேசினால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். எனவே முந்தைய நாளே அவரிடம், "நாளைக்கு நான் சொல்றேன்மா, ஏதாவது விட்டுப்போனா கடைசியில நீங்க சொல்லுங்க" என்று சொல்லி வையுங்கள். கூடவே ஒரு தாளில் வலி எப்போது தொடங்கியது, எப்போது கூடுகிறது, இதுவரை என்ன மாத்திரை போட்டீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். சிறு வயதில் போட்ட தடுப்பூசிகள், ஒவ்வாத மருந்துகள், செய்த அறுவை சிகிச்சைகள் ஆகியவை அம்மாவுக்கு மட்டுமே நினைவிருக்கும். அவற்றை அவரிடம் கேட்டு எழுதி, உங்கள் கைப்பேசியிலும் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பின் வரலாறு இன்னொருவர் நினைவில் மட்டும் இருக்கும்வரை, நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும் மருத்துவமனையில் நின்றுகொண்டு அவரைத்தான் அழைப்பீர்கள்.

காலையில் எழுவதைப் பற்றி நீங்கள் ரொம்பவும் வெட்கப்பட வேண்டாம். பதின்வயதில் உடலின் கடிகாரம் பின்தள்ளிப்போவதால், உங்கள் வயதினருக்கு இரவில் தூக்கம் தாமதமாகத்தான் வருகிறது. எல்லாவற்றையும் சோம்பலின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. கடிகாரத்தைக் கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள், எழுப்ப வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், ஒரு நாள் தாமதமாகப் போக நேர்ந்தால் அதற்கான பேச்சையும் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர எவ்வளவு நாளாகிறது என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது சராசரியாக 66 நாட்கள் என்று வந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வேறுபட்டது. இரண்டு வாரத்தில் பழகவில்லையே என்று கைவிட்டுவிடாதீர்கள்.

இதையெல்லாம் பெற்றோருடன் உட்கார்ந்து விரிவாகப் பேசித் தீர்க்க வேண்டும் என்று உங்களுக்குச் சிலர் அறிவுரை சொல்லக்கூடும். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. "எனக்குச் சுதந்திரம் வேண்டும்" என்ற பேச்சு பெரும்பாலும் மனத்தாங்கலில் முடிகிறது. முழுதாக முடித்துக் காட்டிய ஒரு வேலைக்குப் பிறகு அடுத்த வேலையைக் கேட்டு வாங்குவது எளிது.

வங்கி விஷயத்தில் மட்டும் பேச்சு தவிர்க்க முடியாதது. ஒரு மாலை அப்பாவுடன் உட்கார்ந்து, கணக்கில் என்ன இருக்கிறது, எதற்கெல்லாம் பணம் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கடவுச்சொல்லை மாற்றி, வங்கியின் குறுஞ்செய்திகள் உங்கள் எண்ணுக்கு வரும்படி செய்யுங்கள். மாதம் ஒருமுறை கணக்கு அறிக்கையை நீங்களாகவே அவரிடம் காட்டினால் அவர் பதற்றம் பாதி குறையும். கடன் பத்திரத்திலோ யாருக்காவது ஜாமீனாகவோ கையெழுத்திடும் நிலை வந்தால் மட்டும், எத்தனை வயதானாலும், விவரம் தெரிந்த ஒருவரிடம் படிக்கக் கொடுக்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பர்க்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கார் ஓட்டும் கணினி விளையாட்டைத் தனியாக ஆடியபோது இருந்ததைவிட, ஒத்த வயதினர் உடனிருந்தபோது இளையவர்கள் கூடுதலாக ஆபத்தைத் தேடிப் போனார்கள். வயதில் மூத்தவர்களிடம் அந்த மாற்றம் குறைவாக இருந்தது. ஆகவே பணம் கட்டுவது, பாடப்பிரிவை மாற்றுவது போன்றவற்றை நண்பர்கள் சூழ நிற்கும்போது முடிவு செய்யாமல் ஓர் இரவு தள்ளிப்போடுங்கள்.

கல்லூரி திறக்கும் முன் நிரப்ப வேண்டிய படிவங்கள் இனி ஒவ்வொன்றாக வரும். அவற்றை நீங்களே படித்து நிரப்பி, அனுப்புவதற்கு முன் ஒருமுறை சரிபார்க்க மட்டும் அப்பாவிடம் கொடுங்கள். தொடர்பு எண் என்ற இடத்தில் உங்கள் எண்ணை எழுதுங்கள். அவசரத் தொடர்பு என்ற இடத்தில் அவருடைய எண்ணை எழுதுங்கள்.