ஒளிந்து போக எத்தனை ரோல்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

கோபிசெட்டிபாளையத்தில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம்) ஆடுகிறோம். 2014 விதிகள்தான். டிஎம், அதாவது கதையை நடத்துகிறவர், நான். கதையை நம்ம பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்: ஒரு பாளையக்காரரின் தானியக் களஞ்சியம், பக்கத்தில் வாய்க்கால், சுற்றிலும் கரும்புக்காடு, காவலுக்கு ஆறு பேர். போன வாரம் நாலு பேரும் ராத்திரியில் உள்ளே நுழையப் பார்த்தார்கள். வரப்பில் ஒரு ஸ்டெல்த் ரோல் (ஒளிந்து போக முடிகிறதா என்று இருபது முகப் பகடை உருட்டிப் பார்ப்பது), வேலியில் ஒன்று, கதவில் ஒன்று என்று கேட்டேன். யாராவது ஒருவருக்கு விழாமல் போய், கடைசியில் சண்டையில்தான் முடிந்தது. இது முதல் தடவை இல்லை. "ஒளிஞ்சு போறதே வேஸ்ட்டுங்க, நேரா அடிச்சிரலாம்" என்கிறார்கள். ஸ்டெல்த் ரோலையே எடுத்துவிட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டு நானே முடிவு பண்ணலாமா?

— வாசகி, கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள அம்மணிக்கு,

எடுக்க வேண்டாம். ரோல் இருக்கட்டும், எண்ணிக்கையைக் குறையுங்கள். உங்கள் ஆட்டக்காரர்கள் மேல் தப்பில்லை. கணக்கு அவர்களுக்கு எதிராக நின்றிருக்கிறது. ஒருவர் மாட்டாமல் போக 70 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு பேரும் ஒருசேரத் தேற வாய்ப்பு 24 சதவீதம்தான். அதையே மூன்று இடத்தில் கேட்டால் ஒன்றரை சதவீதம்கூட மிஞ்சாது. அப்படியிருக்க, ஒளிந்து போவது வீண் என்று அவர்கள் சொன்னது சரியான முடிவு.

இதற்கான மருந்து உங்கள் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. கூட்டமாக ஒரு காரியம் செய்யும்போது எல்லாரும் ஒரு தடவை உருட்டுவார்கள், பாதிப் பேர் தேறினால் கூட்டமே தேறியதாகக் கணக்கு. அதே 70 சதவீத ஆட்கள் நாலு பேர் இப்படிப் போனால் வாய்ப்பு 92 சதவீதம். அந்த ஒரு ரோல் களஞ்சியக் கதவுவரை நிற்கட்டும். நிலவரம் மாறினால் மட்டும் மறுபடி கேளுங்கள்.

காவல்காரர்களுக்கு நீங்கள் பகடை உருட்டவே கூடாது. ஆறு பேருக்கும் தனித்தனியாக உருட்டினால் அதில் பெரிய எண் சராசரியாக 17-ஐத் தாண்டும். ஒரே ஆளுக்கு உருட்டினால் சராசரி பத்தரை. இதற்காகத்தான் பாஸிவ் பெர்செப்ஷன்: காவல்காரர்கள் எவ்வளவு கவனிப்பார்கள் என்பதற்கான நிலையான எண், பத்தோடு அவர்களுடைய திறனுக்கான கூட்டலைச் சேர்த்தால் வரும். ஒளிகிறவர்களின் ரோலை இதோடுதான் ஒப்பிடணும். சாதாரணக் காவல்காரருக்கு அது 12. மங்கிய வெளிச்சத்தில் கண்ணை மட்டும் நம்பியிருந்தால் ஐந்து குறைந்து 7.

அந்த 'கண்ணை மட்டும்' என்பதில்தான் எனக்கு அக்கறை அதிகம். நீங்கள் எழுதியதில் கரும்புக்காடு இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது. ஆட்டத்தில் அவை ஏதாவது செய்தனவா? காய்ந்த கரும்புச் சோகை மேல் கால் வைத்தால் எத்தனை இருட்டாக இருந்தாலும் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே அந்த 7 செல்லாது, 12தான். ஆடி மாதமாக இருந்தால் நிலைமையே வேறு. காற்றில் கரும்புக்காடு முழுக்க இரைந்துகொண்டிருக்கும், நடக்கிறவர்களுக்கு அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுப்பது) கொடுக்கலாம். வாய்க்கால் ஓரம் போனால் தவளைகள். ராத்திரி காதை அடைக்கிற மாதிரி கத்தும். ஆள் கிட்டே வந்ததும் அந்த இடத்தில் மட்டும் சட்டென்று அடங்கிவிடும். பழகிய காவல்காரனுக்கு அந்த அமைதியே போதும். அப்புறம் ஆக்காட்டி. வெட்டவெளியில், மேட்டாங்காட்டில் தரையிலேயே முட்டையிட்டுக் கிடக்கும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் எழும்பி ஊரையே கூட்டும்.

இதையெல்லாம் உருட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். "கரும்புக்காட்டு வழி மறைவு, ஆனால் சோகை. வாய்க்கால் வழி மெத்தென்று இருக்கும், ஆனால் தவளை. மேட்டாங்காட்டில் வழி சுருக்கம், ஆனால் ஆக்காட்டி." எந்த வழி என்று அவர்கள் வாதாடுவார்கள். ஒளிந்து போகும் ஆட்டத்தில் சுவையே அந்த வாதம்தான், பகடை அதற்குப் பிறகுதான் வரணும்.

ஒரு சங்கதி. 1975-இல் வந்த இணைப்புப் புத்தகத்தில்தான் திருடன் என்ற வகுப்பு (பாத்திர வகை) இந்த ஆட்டத்துக்குள் வந்தது. 1978 விதிகளில் முதல் நிலைத் திருடன் நிழலில் மறைய 10 சதவீதம், சத்தமில்லாமல் நடக்க 15 சதவீதம். அந்தப் பட்டியல் வந்ததும், மற்ற வகுப்புகளால் ஒளியவே முடியாது என்று பல மேசைகளில் எடுத்துக்கொண்டார்கள். ஆட்டத்துக்கு அது நல்லதில்லை என்பது என் எண்ணம். தண்ணீர் பாய்ச்சுகிற குடியானவனும் ராத்திரி வரப்பில் சத்தமில்லாமல் நடப்பான்.

இனி, தவறினால் என்ன என்பது. தவறியதும் ஆறு பேரும் ஈட்டியோடு ஓடி வர வேண்டியதில்லை. பாத்ஃபைண்டர் என்ற இதே வகை ஆட்டத்தின், 2019-இல் வந்த இரண்டாம் பதிப்பு இதை நன்றாகப் பிரித்திருக்கிறது: எதிரிலேயே தெரிகிறவர், இருக்கும் இடம் தெரிந்தும் கண்ணுக்குப் படாதவர், எங்கேயோ இருக்கிறார் என்று மட்டும் தெரிந்தவர், வந்ததே தெரியாதவர். விதியை மாற்றாமல் அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்காட்டி கத்தியதும் ஒரு காவல்காரன் தீவட்டியைத் தூக்கிப் பிடித்து, "யாரப்பா அங்கே?" என்று வரப்பில் இறங்கட்டும். ஒருவன் மட்டும். மற்ற ஐந்து பேரும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இப்போது நாலு பேருக்கும் வேலை இருக்கிறது: அசையாமல் படுப்பதா, வாய்க்காலில் இறங்குவதா, "தண்ணி திருப்ப வந்தனுங்க" என்று ஒருவர் எழுந்து நின்று பேச்சுக் கொடுப்பதா.

2024 விதிகளுக்கு மாறலாமா என்று யோசித்தால், அதில் ஒளிய 15 எடுக்க வேண்டும், முதலில் நல்ல மறைவும் வேண்டும். கிசுகிசுப்பைவிடச் சத்தமாகப் பேசினால் ஒளிவு கலைந்துவிடும். தெளிவான விதிதான், ஆனால் உங்கள் சிக்கலுக்கு அது தேவையில்லை.

சங்கிலிக் கவசம் போட்ட வீரர் யாராவது இருந்தால், ஸ்டெல்த்தில் அவருக்கு உள்ள டிஸ்அட்வான்டேஜை (இரண்டு தடவை உருட்டிச் சின்னதை எடுப்பது) மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கரும்புக்காட்டில் கழற்றி வைத்துவிட்டு வருகிறாரா என்று கேளுங்கள். கழற்ற 5 நிமிடம், திரும்பப் போட 10 நிமிடம் என்று விதியிலேயே இருக்கிறது. உள்ளே சண்டை வந்தால் வெறும் உடம்போடுதான் நிற்கணும். அதை அவரே முடிவு செய்யட்டும்.