வேரை வேகவச்சா சத்து போயிடுமா? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,

மூலிகை வேர்ப்பொடி பாக்கெட் சிலதுல "சூடே படாதது, சத்து முழுசா இருக்கு"ன்னு பெருசா போட்டிருக்காங்க. நான் ஜின்செங் சாப்பிடலாம்னு பாத்தா அதுல வெள்ளை, சிவப்புன்னு ரெண்டு இருக்கு, சிவப்பு வேகவச்சதாம். அப்போ வெள்ளைதானே நல்லது? இன்னொன்னு, எப்பேர்ப்பட்ட விஷ வேரா இருந்தாலும் நல்லா கொதிக்க வச்சா விஷம் முறிஞ்சிடும்னு ஒருத்தர் வீடியோல அடிச்சு சொல்றார், நம்பலாமா? கஷாயம் வைக்கிறப்போ பாத்திரத்தை மூடணுமா வேண்டாமான்னும் சொல்லிடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த விஷ வேர் கேள்விதான் இதுல ரொம்ப முக்கியம், ஆனா சூடு ஒரு வேருக்குள்ள போய் என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சாத்தான் அதுக்கு பதில் புரியும், அதனால இஞ்சில இருந்து ஆரம்பிக்கிறேன் (செடியியல்படி அது தரைக்கடித் தண்டு, இருந்தாலும் இந்த விஷயத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது).

பச்சை இஞ்சியோட காரத்துக்கு காரணம் ஜிஞ்சரால்ங்கிற பொருள். சூடு பட்டு காயறப்போ அதோட மூலக்கூறுல இருந்து ஒரே ஒரு தண்ணி மூலக்கூறு கழண்டு போகுது, மிச்சம் நிக்கிறது ஷோகால். சுக்கு பச்சை இஞ்சிய விட சுள்ளுன்னு இருக்கறதுக்கு இதுதான் காரணம், ஷோகாலுக்கு ஜிஞ்சராலை மாதிரி ரெண்டு மடங்குக்கு மேல காரம். ஆய்வுக்கூடத்துல செல்களை வச்சு பண்ற சோதனைகள்ல வீக்கத்தை அடக்குறதுலயும் பெரும்பாலும் ஷோகால்தான் முந்துது. அதே ஜிஞ்சராலை சமைக்கிற சூட்டுல போட்டா அது இன்னொரு வழியில உடைஞ்சு சிஞ்சரோன் ஆகுது, காரம் ரொம்ப கம்மி, இனிப்பா ஒரு வாசனை. ஆக ஒரே கிழங்கு, சூடு எப்படி பட்டுச்சுங்கறத பொறுத்து உள்ள இருக்கற மருந்தே வேற வேற. "சூடு பட்டா சத்து போயிடும்"ங்கிற பேச்சு வைட்டமின் சி மாதிரி சூட்டுல அழியற பொருளுக்கு சரி, அதை எல்லா வேருக்கும் சேர்த்து பாக்கெட்ல அச்சடிக்கறது எனக்கு உண்மையிலேயே கோவம் வர்ற விஷயம்.

இப்போ உங்க ஜின்செங். வெள்ளைங்கறது அப்படியே காயவச்ச வேர், சிவப்புங்கறது நூறு டிகிரி பக்கத்துல சில மணி நேரம் ஆவில வேகவச்சு அப்புறம் காயவச்சது. இதோட மருந்து குணத்துக்கு முக்கியமான காரணமா சொல்லப்படறது ஜின்செனோசைடுகள், அதுல நெறைய மூலக்கூறுகள்ல சர்க்கரை கண்ணிகள் தொங்கிட்டு இருக்கும். ஆவில வேகறப்போ அந்த சர்க்கரை ஒண்ணொண்ணா கழண்டு ஆர்ஜி3, ஆர்கே1, ஆர்ஜி5ன்னு சில புதுப் பொருள் உருவாகுது, பச்சை வேர்ல இதெல்லாம் தேடினாலும் கிடைக்காத அளவுக்கு கம்மி. அதே நேரம் வெள்ளைல இருந்த சிலது சிவப்புல குறைஞ்சிடுது. அதனால எது "நல்லது"ன்னு பொதுவா சொல்ல முடியாது, ஆனா ஒண்ணை வச்சு பண்ணின ஆய்வோட முடிவை இன்னொண்ணு மேல ஒட்டவே கூடாது, விக்கிறவங்க பெரும்பாலும் அதைத்தான் பண்றாங்க. நீங்க ரத்தம் உறையாம இருக்க மாத்திரையோ சர்க்கரைக்கு மாத்திரையோ எடுக்கறவரா இருந்தா எந்த கலர் வாங்குறதுக்கு முன்னாடியும் டாக்டர்ட்ட கேட்டுடுங்க.

சீன மருத்துவத்துல ருபார்ப் வேர்ல இது இன்னும் பளிச்சுன்னு தெரியும். பேதி ஆக்குற சென்னோசைடுகள் அதுல இருக்கு, ரொம்ப நேரம் கொதிச்சா அது சிதைஞ்சு போயிடும், டானின் தங்கிடும், டானின் வயித்தை கட்டுற சரக்கு. அதனால பேதிக்காக வைக்கிற கஷாயத்துல அந்த வேரை கடைசி சில நிமிஷத்துலதான் போடறாங்க. அடுப்புல இருந்த நேரம் ஒண்ணு மாறினதுக்கே வேலை தலைகீழா போகுது!

சரி, விஷத்துக்கு வருவோம். அந்த வீடியோக்காரர் சொல்றதுல ஒரு பாதி உண்மை, அதனாலதான் அது ஆபத்து. வத்சநாபி வேர்ல அகோனிட்டின்னு ஒரு பொருள் இருக்கு, சுத்தமானது வெறும் 2 மில்லிகிராம் ஒரு ஆளை கொல்ல போதும்னு கணக்கு. நரம்புலயும் இதயத்துலயும் சோடியம் உள்ள போற வாசலை மூட விடாம பிடிச்சுக்கும், உதடு நாக்கு மரத்துப்போறதுல ஆரம்பிச்சு இதயத்துடிப்பு தாறுமாறாகி முடியும். அந்த மூலக்கூறுல ரெண்டு எஸ்டர் பிணைப்பு (கொதிக்கிற தண்ணியால உடைக்க முடியற ஒருவகை இணைப்பு) இருக்கு, தண்ணியில நீண்ட நேரம் கொதிச்சா முதல்ல ஒண்ணு உடையும், அப்புறம் இன்னொண்ணு, ஒவ்வொண்ணு உடையறப்பவும் விஷம் பல மடங்கு இறங்கும். அதை உடைக்கறதுக்கு தண்ணியும் வேணும், சூடும் வேணும், நேரமும் வேணும். அதே வேரை சாராயத்துல ஊறப்போட்டா விஷம் உடையாம அப்படியே சாராயத்துல இறங்கிடும், இப்படி குடிச்சு செத்தவங்க இருக்காங்க. சரியா வேகாத கஷாயத்தாலயும் ஹாங்காங்ல எத்தனையோ பேர் ஆஸ்பத்திரில சேர்ந்திருக்காங்க. ஒரு வேர்ல விஷம் எவ்வளவு இருக்கும்னு வேருக்கு வேர் மாறும், எவ்வளவு உடைஞ்சிருக்குன்னு கண்ணால பாத்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது, ஆய்வுக்கூடத்துல அளந்தாத்தான் தெரியும். தயவுசெஞ்சு இதை வீட்ல யாரும் முயற்சி பண்ணாதீங்க.

மிச்ச பாதி பொய். செங்காந்தள் கிழங்குல இருக்கற கால்ச்சிசின்ங்கிற விஷம் கொதிக்கிற தண்ணிக்கெல்லாம் அசையாது, ஏன்னா உடையறதுக்கு தோதா அப்படி ஒரு எஸ்டர் பிணைப்பே அதுல கிடையாது. வேற கிழங்குன்னு நினைச்சு வேகவச்சு சாப்பிட்டவங்களுக்கும் பச்சையா சாப்பிட்டவங்க கதிதான். அரிஸ்டோலோக்கியாங்கிற செடி வகையோட வேர்கள்ல இருக்கற அரிஸ்டோலோக்கிக் அமிலமும் அப்படித்தான், பதப்படுத்தினா கொஞ்சம் குறையுமே தவிர முழுசா போகாது. 1990கள்ல பெல்ஜியத்துல எடை குறைக்கிற மாத்திரைல வேற ஒரு வேருக்கு பதிலா இந்த வேர் கலந்துபோய் நெறைய பேருக்கு சிறுநீரகம் செயலிழந்துச்சு, அதுல பல பேருக்கு பின்னாடி சிறுநீர்ப் பாதைல புற்றுநோயும் வந்துச்சு. அதனால "விஷ வேரை கொதிக்க வச்சா போதுமா"ன்னு கேட்டா நான் திருப்பி கேக்கறது, எந்த விஷம், அதோட மூலக்கூறு எப்படி இருக்குன்னுதான். அந்த பேரையே சொல்லாம பொதுவா பேசற வீடியோவை மூடிடுங்க.

மூடி விஷயம் வேருக்கு வேர் மாறும். வாசனை தூக்கலா இருக்கற வேர்னா அதோட எண்ணெய் ஆவியோட கிளம்பிடும், வாசனை வீடெல்லாம் அடிச்சா மருந்துல கொஞ்சம் காத்துல போகுதுன்னு அர்த்தம், அதனால மூடி போட்டு சின்ன தீயில கொஞ்ச நேரம் வச்சா போதும். வாசனையே இல்லாத கெட்டி வேர்னா தண்ணி வத்தணும்ங்கறதுக்காக திறந்து வைக்கலாம், அதுல பறந்து போறதுக்கு பெருசா ஒண்ணும் இல்ல. நீங்க எந்த வேருக்காக கேட்டீங்கன்னு எழுதல, பேரை எழுதி அனுப்புங்க, அதுக்கு தனியா பதில் சொல்றேன்.