கால் நின்றாலும் பெடல் நிற்காது
விசில் டீச்சர் பதில்கள்

கேள்வி: டீச்சர், எனக்கு 43 வயது. வங்கியில் வேலை. எங்கள் ஆபீஸ் பெண்கள் நாலு பேர் புதுச்சேரி ஒயிட் டவுனில் ஒரு சின்ன ஸ்டூடியோவுக்கு, பாட்டுக்கு ஏற்ப நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள் கிளாஸ் போகிறார்கள். ஒரு பேட்சுக்குப் பத்தே பேர்தானாம். 12 கிளாஸுக்கு 6,000 ரூபாய், 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். ஒரு கிளாஸ் மட்டும் என்றால் 700. எனக்கும் ஆசைதான். ஆனால் இருட்டு அறை, காதைப் பிளக்கும் பாட்டு, சுற்றிலும் ஒல்லிப் பெண்கள் என்று கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது. சேரலாமா?
- லாஸ்பேட்டை வாசகி

பதில்: சேருங்கள். ஆனால் முதல் நாளே 6,000 கட்டாதீர்கள். வங்கிக்காரருக்கு நான் கணக்குச் சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். மாதக் கடைசி, ஆடிட், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நாலு கிளாஸ் தவறிப்போனால் மிச்சம் எட்டு. ஒன்றுக்கு 750 ஆகிறது. அதற்கு 700 கொடுத்து ஒவ்வொன்றாகப் போவதே மலிவு. ரெண்டு, மூன்று கிளாஸ் அப்படிப் போய்ப் பார்த்துவிட்டு, கால் தானாக அந்தப் பக்கம் இழுத்தால் மொத்தமாகக் கட்டுங்கள்.

பெரிய ஜிம் என்பது ஜவுளிக்கடை மாதிரி. உள்ளே போய் நீங்களே புரட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சின்ன ஸ்டூடியோ, அளவெடுத்துத் தைக்கிற டெய்லர் மாதிரி. அளவே எடுக்காத டெய்லருக்கு எதற்குக் கூடுதல் கூலி? அதனால் முதல் கிளாஸில் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பயிற்சியாளர் உங்களைப் பார்க்கிறாரா?

என் கதையைச் சொல்கிறேன். 31 வருஷம் அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சராக விசில் ஊதியவள். முதலியார்பேட்டையிலிருந்து தினமும் லேடீஸ் சைக்கிளில் பள்ளிக்குப் போன கால் இது. அந்தத் திமிரோடுதான் போன வருஷம் மருமகள் கூட்டிப்போன ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) சைக்கிளில் ஏறி உட்கார்ந்தேன். சீட் எனக்குச் சரியா என்று யாரும் கேட்கவில்லை. விளக்கை அணைத்தார்கள், பாட்டைப் போட்டார்கள். மூன்றாவது பாட்டில் மூச்சு முட்டியது. ரோட்டில் செய்கிற மாதிரி மிதிப்பதை நிறுத்தினேன். நம் வீட்டு சைக்கிளில் ஃப்ரீவீல் உண்டு. நாம் நிறுத்தினால் பெடல் நிற்கும், சக்கரம் மட்டும் உருளும். ஸ்டூடியோ சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. முன்னால் இருக்கிற கனத்த சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். என் இடது பாதம் வாரிலிருந்து நழுவியது. சுற்றி வந்த பெடல் கணைக்கால் எலும்பில் ‘ணங்’ என்று இடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பயிற்சியாளர் மேடையில் மைக்கைப் பிடித்து ‘கமான் பாண்டி!’ என்று கத்திக்கொண்டிருந்தார். பக்கத்து சைக்கிள் பெண்தான் கையை நீட்டி, ஹேண்டிலுக்குக் கீழே இருந்த திருகை அழுத்திச் சக்கரத்தை நிறுத்தினாள். அதுதான் பிரேக். அதைச் சொல்லித்தர பத்து விநாடி போதும்.

தொடை வலி மறுநாளைவிட அதற்கு அடுத்த நாள்தான் உச்சத்துக்குப் போனது. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்கினேன். பேரன் ‘பாட்டி ரிவர்ஸ்ல வர்றா’ என்று வீடு முழுக்க அறிவித்தான். இது வழக்கமான வலி, ரெண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். ஆனால் வலியோடு தொடை வீங்கிக் கல்லாகி, சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனால், எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரி. தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். பழக்கமில்லாதவர்கள் முதல் சைக்கிள் கிளாஸிலேயே பக்கத்து சைக்கிளோடு போட்டி போட்டு இப்படி மாட்டியிருக்கிறார்கள். முதல் நாள் பாதி கிளாஸ் சும்மா மிதித்தாலும் குற்றமில்லை.

கால் மணி நேரம் முன்னாடியே போய், ‘இன்றைக்குத்தான் முதல் தடவை’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சைக்கிள் பக்கத்தில் நின்றால் சீட் உங்கள் இடுப்பு எலும்பு உயரத்தில் இருக்க வேண்டும். ஏறி உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். சீட் தாழ்ந்தால் முட்டிக்கு வினை. துப்பட்டாவும் தொளதொள பேன்ட்டும் வேண்டாம், பெடலில் சிக்கும். தாலிச் சங்கிலியை உள்ளே விட்டுக்கொள்ளுங்கள். மெட்டியைக் கழற்ற மனசு வராதுதான். ஆனால் ஷூவுக்குள் முக்கால் மணி நேரம் அது விரலை என்ன பாடுபடுத்தும் என்று அனுபவித்துச் சொல்கிறேன்.

ஒல்லிப் பெண்களைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த இருட்டில் அவரவர் மூச்சைத் தேடவே அவரவருக்கு நேரம் போதாது.

கேள்வி: ஸும்பா கிளாஸில் சேர்ந்தேன். எல்லாரும் வலது பக்கம் போனால் நான் இடது பக்கம் போய் இடிக்கிறேன். ஆடத் தெரியாதவர்களுக்கு அது சரிவருமா?
- மஞ்சக்குப்பம் வாசகி, கடலூர்

பதில்: ஸும்பாவே மறதியில் பிறந்ததுதான் தங்கச்சி. 1990-களில் கொலம்பியாவில் பெட்டோ பெரெஸ் என்பவர் ஏரோபிக்ஸ் சொல்லிக்கொடுக்கப் போனார். கிளாஸுக்கான கேசட்டை வீட்டில் விட்டுவிட்டார். கையில் இருந்த சல்சா, மெரெங்கே பாட்டுகளைப் போட்டு வாய்க்கு வந்தபடி நடத்தினார். அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். காலை மட்டும் பாருங்கள், கையை ரெண்டு வாரம் மறந்துவிடுங்கள். நடு வரிசையில் ஓரமாக நில்லுங்கள். கடைசி வரிசையில் நின்றால் பயிற்சியாளரின் கால் தெரியாது, எல்லோரும் திரும்பும்போது நீங்கள்தான் முதல் வரிசை!

கேள்வி: வயது 52, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ‘45 நிமிட டபாட்டா’ என்று போர்டு போட்டிருக்கிறார்கள். போகலாமா?
- அரியாங்குப்பம் வாசகர்

பதில்: முதலில் உங்கள் டாக்டர், அப்புறம்தான் போர்டு. டபாட்டா என்பது 20 விநாடி உயிரைக் கொடுத்து உழைப்பு, 10 விநாடி ஓய்வு, இப்படி எட்டுச் சுற்று. மொத்தம் 4 நிமிடம். 1996-இல் ஜப்பானில் இஸுமி டபாட்டா இதைச் சோதித்தது உடற்கல்வி படிக்கும் இளைஞர்களை சைக்கிளில் ஏற்றி. அதே வேகத்தில் 45 நிமிடம் யாராலும் தாங்க முடியாது சார். பெயரைக் கடன் வாங்கி நடக்கிற சாதாரண கிளாஸாகத்தான் இருக்கும். அதனால் டாக்டர் சரி என்றால் பயம் வேண்டாம். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை என்றால் அது இதயத்துடிப்பைக் குறைத்தே வைக்கும், கையில் கட்டிய வாட்ச் காட்டுவதை நம்பிக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் உங்கள் அளவு. மூச்சை அடக்கி எடை தூக்காதீர்கள். கிளாஸ் முடிந்ததும் சட்டென்று உட்காராமல் அஞ்சு நிமிடம் நடந்துவிட்டு வெளியே வாருங்கள்.

கேள்வி: பீச் ரோட்டில் காசில்லாமல் நடக்கலாமே, எதற்கு டீச்சர் இந்த வீண் செலவு?
- முத்தியால்பேட்டை வாசகர்

பதில்: நியாயம்தான். நானும் வாகனம் விடுவதற்கு முன், விடியற்காலையில் காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலைவரை போய்த் திரும்புகிறவள்தான். ஆனால் உலக சுகாதார நிறுவனம், வாரம் 150 நிமிடம் வேக நடை மாதிரிப் பயிற்சி போதும் என்று நிற்கவில்லை. ரெண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நடை மட்டும் அதற்குப் போதாது. ஸ்டூடியோவுக்குப் போக மனமில்லை என்றால், நடந்து முடித்ததும் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், பதினைந்து தடவை. அப்புறம் பெஞ்சில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருங்கள், பத்து தடவை. முதல் நாள் நான் கம்பத்தைப் பிடித்து எம்பிக்கொண்டிருந்தபோது டீக்காரர் பக்கத்தில் வந்து, ‘யாரம்மா தெரியணும்? நான் எட்டிப் பார்த்துச் சொல்றேன்’ என்றார்.