வளைகுடாவிலிருந்து வந்த பிள்ளைகளும் நம்ம ஊர் ஒன்பதாம் வகுப்பும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் துபாய், குவைத், சவூதியிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்பிய பிள்ளைகள் ஆறேழு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குகிறார்கள். தமிழில் ஒரு வரி வாசிக்கத் திணறுகிறார்கள். எங்கள் பிள்ளைகளின் படிப்பு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பள்ளியில் என்ன கேட்கலாம்?
– வாசகி, மேலப்பாளையம்

பதில்: வந்த பிள்ளைகளால் வகுப்பு கெடாது. அவர்களைக் கடைசி பெஞ்சில் மொத்தமாக உட்கார வைத்துவிட்டு மறந்துபோனால் கட்டாயம் கெடும். பெஞ்சுக்கு ஒருவராகப் பிரித்து உட்கார வைக்கச் சொல்லுங்கள்.

முதல் வேலை தமிழ். பத்தாம் வகுப்பில் ஐந்து தாள்களில் அதுவும் ஒன்று. 100க்கு 35 எடுக்காமல் தேற முடியாது. வீட்டில் நெல்லைத் தமிழ் பேசும் பிள்ளைக்குப் பொருள் புரியும், எழுத்துதான் தெரியாது. அதனால் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்து வெட்கப்பட வைக்க வேண்டாம். பள்ளி முடிந்ததும் தினம் 40 நிமிடம் போதும். ட, ப, ம, ய என்று வடிவம் எளிதான எழுத்திலிருந்து தொடங்கி, கால், கொம்பு, கொக்கி என்று போகலாம். தடுக்கும் இடம் ‘கொ’. துணைக்காலை ‘ர’ என்று எண்ணி, ‘கொடி’யை ‘கெரடி’ என்று வாசிப்பார்கள். இந்தி படித்து வந்தவர்கள் ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் ஒரே ‘க’ எப்படி என்று குழம்புவார்கள். சொல்லாக வாசித்துப் பழகினால்தான் அது தெளியும். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் தினத்தந்தி தலைப்புச் செய்திகளை உரக்க வாசிக்க வையுங்கள்.

அடுத்தது கணிதம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. அங்கே சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் படித்து வந்த பிள்ளைக்கு ஒன்பதில் கணங்கள் (sets) கிடையாது. நம் ஒன்பதாம் வகுப்பில் முதல் பாடமே ‘கண மொழி’. அதை விட்டுவிட்டால் பத்தாம் வகுப்பின் முதல் பாடமான ‘உறவுகளும் சார்புகளும்’ தலையும் புரியாது, வாலும் புரியாது. ஜூலைக்குப் பிறகு சேரும் பிள்ளைக்கு இந்த ஒரு பாடத்தைத் தனியாக நடத்தியே ஆக வேண்டும்.

உங்கள் பிள்ளைகளுக்கு உண்மையான இழப்பு ஆங்கில வகுப்பில் வரலாம். கேள்வி கேட்டதும் வந்த பிள்ளை பட்டென்று பதில் சொல்லிவிடும். மற்றவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். பதிலை முதலில் எல்லோரும் நோட்டில் எழுத வேண்டும், பிறகு ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஆங்கிலப் பாடத்தை அந்தப் பிள்ளை வாசித்துக் காட்டட்டும், தமிழ்ப் பாடத்தைப் பக்கத்தில் இருக்கும் உள்ளூர்ப் பிள்ளை வாசித்துக் காட்டட்டும். ஒரு பக்கம் மட்டும் உதவி வாங்கிக்கொண்டிருந்தால் நட்பு வளராது.

கேள்வி: சவூதியில் படித்த மகனைப் பத்தமடையில் சேர்க்கப் போகிறோம். எதில் கவனம் வேண்டும்?
– வாசகர், சேரன்மகாதேவி

பதில்: பெயரில். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், இங்கே இனிஷியல் போட்டுவிடுவார்கள். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் (EMIS) புதிதாகப் பதியும்போது பக்கத்தில் நின்று பெயர், பிறந்த தேதி, தமிழ் எழுத்துக்கூட்டல் மூன்றையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மதிப்பெண் சான்றிதழ் வந்த பிறகு திருத்த அலைய வேண்டியிருக்கும். எட்டாம் வகுப்பு வரை டி.சி. வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. 14 வயதுக்கு மேல் அந்தச் சட்டம் கைகொடுக்காது. ஒன்பதாம் வகுப்பு என்றால் அங்கிருந்து கிளம்பும் முன்பே டி.சி.யை வாங்கிச் சான்றொப்பமும் பெற்றுவிடுங்கள்.